புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை பிறந்த கதை

மலேசியப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை கிடையாது. ஆண்டெல்லாம் வெயில், ஆண்டெல்லாம் மழை. பள்ளி விடுமுறையும் துண்டு துண்டாகத்தான் வரும். தமிழ்நாட்டுக் கதைகளில் வரும் பிள்ளைகள் முழுப் பரீட்சை முடிந்த கையோடு தாத்தா ஊருக்கு ரயிலேறுவதைப் படித்துவிட்டு ஏங்கிய தலைமுறை ஒன்று செபராங் பிறையில் உண்டு. ஏங்கினாலும் அவர்களுக்கென்று ஒரு மாதம் இருக்கத்தான் செய்தது. டுரியான் விழுகிற மாதம்; ரம்புத்தான் கொத்துக் கொத்தாகச் சிவக்கிற மாதம்; புக்கிட் மெர்தாஜாம் மலையடியில் அன்னம்மாள் கோயில் திருவிழா நடக்கிற மாதம்.

ஜூலை 26 அரசாங்க விடுமுறை நாள் இல்லை. வேலை நாளில் வந்துவிட்டால் லீவு போட்டுத்தான் வர வேண்டும். இருந்தும் திருவிழாவை ஒட்டிய நவநாள்களில் பேராக், கெடா, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். மொத்தம் ஒரு லட்சம் பேர் வரை என்று பத்திரிகைகள் எழுதும். அதில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் எத்தனை பேர், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று யாரும் பிரித்து எண்ணுவதில்லை. பாய், போர்வை, சோற்றுச் சட்டி, சம்பால் டப்பா, தாத்தாவுக்கு மடக்கு நாற்காலி, சின்னதுக்குப் பந்து. காரிலிருந்து இறங்கும் சாமான்களைப் பார்த்தால் வேண்டுதலுக்கு வந்தவர்களா, பிக்னிக்குக்கு வந்தவர்களா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும்தான்.

இப்படி ஒரு திருநாள் எங்கிருந்து முளைத்தது? அதற்குக் கரும்பில் தொடங்க வேண்டும்.

1800இல் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வெல்லஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தார்கள்; இன்றைய செபராங் பிறை அதுதான். அதன் தென்பகுதியில், பத்து காவானில், தியோச்சு சீனர்கள் முதலில் கரும்பு போட்டார்கள். 1840களில் ஐரோப்பியத் துரைமார்கள் பெரிய அளவில் இறங்கினார்கள். கரும்புக்கு ஆள் வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியது இந்தச் சதுப்பு நிலத்தில்தான். மலாயாத் தமிழர் கதையை ரப்பரில் தொடங்குவது நமக்கு வழக்கமாகிவிட்டது. செபராங் பிறையில் அந்தக் கதைக்கு ரப்பரை விட வயது அதிகம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் ஒழிந்தது.

பத்து காவானில் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள், சீனரிலும் இந்தியரிலும். அவர்களில் சில குடும்பங்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து, புக்கிட் மெர்தாஜாம் மலைச்சரிவில் காடு வெட்டிப் பயிர் வைத்தன. சீனர்களில் பலர் ஹக்கா மக்கள். மேட்டு நிலத்தில் பாடுபட்டுப் பழகியவர்கள். பினாங்கில் ஜாதிக்காய் மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது. 1860 வாக்கில் நோய் வந்து மரங்களை அழிக்கும் வரை அந்த மோகம் இறங்கவில்லை. கரும்புக் காட்டில் துரை சொன்னபடி வெட்டியவனுக்கும், மலைச்சரிவில் தனக்கென்று நாலு மரம் வைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இந்தக் கோயில் இரண்டாமவன் கட்டிய குடியிருப்பில் பிறந்தது.

பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையின் பிரெஞ்சுப் பாதிரியார்கள் முதலில் பத்து காவானிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார்கள். 1846இல் மலைமேல் ஒரு சின்ன ஆலயம் எழுந்தது. பயிர் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பூசை. பிறகு குடியிருப்பு பெருகப் பெருக மலைமேல் ஏறுவது சிரமமாகி, 1888இல் அடிவாரத்தில் கோயில் கட்டினார்கள். இன்றும் நிற்கிற பழைய கோயில் அதுதான்.

இந்த வளாகத்தில் கோயிலை விடப் பழைய ஒன்றும் இருக்கிறது: செரோக் தொக்குன் கல்வெட்டு. பெரிய பாறை ஒன்றில் பல்லவர் கால எழுத்தில் வடமொழி வாசகங்கள். 1845இல், அதாவது மலைமேல் ஆலயம் எழுவதற்கு ஓராண்டு முன்பு, ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அதைக் கண்டு பதிவு செய்தார். சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை என்கிறார்கள் ஆய்வாளர்கள். பூஜாங் பள்ளத்தாக்கு இங்கிருந்து வடக்கே அதிக தூரமில்லை. கடல் தாண்டி வந்த வணிகர்களும் துறவிகளும் நடமாடிய நிலம். திருவிழா அன்று அந்தப் பாறைப் பக்கம் பெரும்பாலும் கூட்டம் இருக்காது. ஐஸ் கச்சாங் கடை பக்கம் இருக்கும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு ஐஸையும் பல்லவ எழுத்தையும் காட்டி எது வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

அன்னம்மாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அந்தப் பாதிரியார்களின் சொந்த நாட்டைப் பார்த்தால் ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. பிரான்சின் மேற்கோடியில் பிரத்தாஞ் பகுதிக்கு அன்னம்மாள்தான் காவல் தெய்வம் மாதிரி. அங்கே 1625இல் நிக்கொலாசிக் என்ற விவசாயி தன் வயலைத் தோண்டியபோது அன்னம்மாளின் பழைய சிலை கிடைத்தது என்பது வரலாறு. வயலில் கிடைத்த சிலையைச் சுற்றி சாந்த் ஆன் தோரே என்ற பெரிய யாத்திரைத் தலம் எழுந்தது. ஜூலை 26இல் இன்றும் அங்கே பெருங்கூட்டம்.

அன்னம்மாள் யார்? மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. பைபிளில் அவர் பெயரே இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, பைபிளில் சேராத ஒரு நூலில்தான் அவர் கதை வருகிறது. யாக்கோபின் முன்நற்செய்தி என்று அதைச் சொல்வார்கள். பிள்ளை இல்லை என்ற ஏச்சுக்கு ஆளான அன்னம்மாள், கல்யாணப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு தன் தோட்டத்துக்குள் இறங்குகிறார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து மேலே பார்த்தால் கிளையில் குருவிக் கூடு. பறவைக்குக் குஞ்சு உண்டு, மண்ணுக்கு விளைச்சல் உண்டு, எனக்கு மட்டும் இல்லையே என்று அழுகிறார். அங்கேதான் அவருக்கு வாக்குக் கிடைக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனால் வேண்டிப் பெற்ற பிள்ளையை அடுத்த ஜூலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருபவர்களை வருடா வருடம் பார்க்கலாம். பிள்ளை வந்தால் அதன் அண்ணன் அக்கா வருவார்கள், மாமியார் வருவார், மாமியாரின் தங்கை வருவார். வேண்டுதல் குடும்பத் திருநாளாக மாறுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். இலங்கையில் கற்பிட்டிப் பக்கம் தலவிலவிலும் அன்னம்மாளுக்கு இப்படித்தான். தமிழரும் சிங்களவரும் பல நாள் முகாம் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுத் திருவிழா பார்க்கிறார்கள்.

கூட்டம் சேர வழியும் வேண்டுமே. அது ரயிலில் வந்தது. 1903இல் பிறையிலிருந்து கோலாலம்பூர் வழியாகச் சிரம்பான் வரை ரயில் பாதை இணைந்தது. பிறகு வடக்கே கெடாவுக்குள் கிளை விட்டு, 1918இல் பாடாங் பெசாரில் சயாம் எல்லையைத் தொட்டது. மூன்று பக்கமும் பாதை பிரிகிற இடம் புக்கிட் மெர்தாஜாம். அலோர் ஸ்டார்க்காரரும் தைப்பிங்காரரும் வண்டி மாறாமலோ ஒரு முறை மாறியோ வந்து சேர்ந்துவிடலாம். பக்கத்துத் தோட்டத்து ஜனம் லாரியில் வந்தது. லாரிப் பின்கட்டில் நின்றுகொண்டே காற்று வாங்கி வந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பூசையை விட அந்தப் பயணம்தான் அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இவ்வளவும் இருந்தும், 1940கள் வரை இது ஒரு வட்டாரக் கோயில்தான். சுற்றி மக்கள் வாழ்ந்தார்கள். ஞாயிறு தோறும் நடந்து வந்தார்கள். இன்றிருக்கிற மாதிரி தூரத்து ஜனம் ‘போய் வரும்’ இடமாக இது மாறியதற்குக் காரணம், என் கணிப்பில், அடுத்தடுத்து வந்த இரண்டு போர்கள்.

முதலில் ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பரில் பினாங்கு விழுந்தது. அரிசி வரத்து நின்றது. வீட்டு வாசல், கொல்லை, ரோட்டோரம் என்று எங்கே மண் தெரிந்தாலும் மரவள்ளியும் சக்கரவள்ளியும் ஊன்றினார்கள். மலைச்சரிவில் தோட்டம் வைத்திருந்தவன் தப்பித்தான். மரவள்ளிக் கிழங்கு என்றாலே முகம் சுளிக்கிற தாத்தாக்கள் நம் வீடுகளில் இருந்தார்களே, அந்தக் காலத்து மிச்சம் அது.

பிறகு 1948 ஜூன். சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, நாடெங்கும் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் காட்டோரக் காய்கறித் தோட்டங்களிலிருந்துதான் சோறு போகிறது என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் பயிர் வைத்திருந்தவர்களைப் பெயர்த்தெடுத்து, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் வைத்தார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள். புக்கிட் மெர்தாஜாமைச் சுற்றி மாச்சாங் பூபோக், சுங்கை லெம்பு போன்றவை அப்படிப் பிறந்த புதுக்கிராமங்கள். வேலிக்கு வெளியே போகும்போது சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று வாசலில் சோதனை. தமிழர் லயங்களையும் கூட்டிச் சேர்த்து வேலி போட்டார்கள்.

அன்னம்மாள் கோயில் இருந்த பகுதி கறுப்புப் பகுதியாக, அதாவது கம்யூனிஸ்டுகள் நடமாடும் ஆபத்தான இடமாக, அறிவிக்கப்பட்டது. கோயிலைக் கட்டிய தோட்டக்காரர்களின் குடியிருப்பு கலைந்தது. 1957இல் டவுன் பக்கம் இயேசுவின் திரு இருதயக் கோயிலைக் கட்டி, பங்கின் அன்றாட வாழ்க்கை அங்கே போனது. மலையடிக் கோயிலுக்கு அக்கம்பக்கத்து வீடுகள் இல்லாமல் போயின.

நடந்து போகும் தூரத்தில் இருந்தபோது அதற்கு யாரும் பாய் சுருட்டிக்கொண்டு போனதில்லை. தூரமாகிவிட்ட பிறகுதான் மூட்டை கட்டினார்கள். 1960இல் அவசரகாலம் முடிந்தது. டவுனிலும் புதுக்கிராமத்திலும் தோட்டத்து லயத்திலும் சிதறிப் போன குடும்பங்கள் ஜூலையில் பழைய இடத்தில் கூடின. பெரியப்பா வீடு ஒரு பக்கம், சித்தி வீடு இன்னொரு பக்கம் என்று ஆன பிறகு, எல்லாரையும் ஒரே பாயில் பார்க்க அந்த ஒரு நாள். கோயில் நிர்வாகம் திட்டம் போட்டு வளர்த்த திருவிழா இது என்று நான் நம்பவில்லை. இடம்பெயர்ந்தவர்கள் வளர்த்த திருவிழா.

அதே குடும்பங்கள் வீட்டுத் தோட்டத்தையும் விடவில்லை. 1974இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரம். வீட்டைச் சுற்றி இருக்கிற மண்ணில் காய்கறி போடுங்கள், கோழி வளருங்கள் என்பதுதான் அதன் சாரம். நம் வீட்டுப் பாட்டிகளுக்கு அரசாங்கம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயத்துப் பின்னால் வெண்டை, கத்தரி, பாகல் போட்டவர்கள், தாமான் வீட்டுக்கு வந்ததும் சிமென்ட் வாசலில் பழைய பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை வைத்தார்கள். வேலியோரம் முருங்கை. அதற்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டு மலாய் அக்கா கொடுத்த செராயும் பண்டானும். ஒரு குத்துச் செராயும் ஒரு முருங்கையும் சேர்ந்து நிற்கிற வாசல் எங்கே இருந்தாலும் அது மலேசியத் தமிழ் வீடுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

திருவிழாப் பாயில் விரிகிற சாப்பாடு இந்தத் தோட்டத்தில் வந்தது. ஒரு ஜூலையில் பழைய கோயிலுக்குப் பக்கத்து மரத்தடியில் என் பாய்க்கு அடுத்த பாயில் ஒரு குடும்பம். பாட்டி, இரண்டு மகள்கள், மருமகன், ஐந்தாறு பிள்ளைகள். நெற்றியில் திருநீறு. எலுமிச்சைச் சோறு, நெத்திலி சம்பால், முருங்கைக்கீரை போட்ட வடை. சாப்பிட்டு முடித்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து ரம்புத்தான் வெளியே வந்தது. பெரிய பேரன் தின்றுவிட்டு விதையைப் புல்லில் துப்பப் போனான்.

“பாட்டி, இத நம்ம வீட்டுல ஊனலாமா?”

“ஊனு. அஞ்சாறு வருசம் தண்ணி ஊத்தி வளத்த பெறகு அது ஆம்பள மரமாப் போயிடும். பூக்கும், காய்க்காது.”

“அப்ப இந்தப் பழம் எப்படி வந்துச்சு?”

“அது ஒட்டுக் கன்னுடா. ஒன் தாத்தா வாங்கியாந்தாரு.”

பையன் விடவில்லை. ஒட்டு என்றால் என்ன என்றான். பாட்டி கையிலிருந்த கொத்தின் காம்பை எடுத்து, பட்டையை நகத்தால் பெயர்த்து, நல்ல மரத்து மொட்டை இன்னொரு கன்றின் பட்டைக்குள் எப்படிச் செருகிக் கட்டுவார்கள் என்று செய்தே காட்டினார். ரப்பர்த் தோட்டத்தில் நாற்று மேடையில் வேலை பார்த்த கை என்பது அந்த நகம் இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. ரப்பருக்கும் அதே ஒட்டுத்தான். ஒலிபெருக்கியில் அப்போது தமிழ்ப் பூசைக்கு அழைப்பு வந்தது, பையன் எழவில்லை, பாட்டியும் அவனை எழுப்பவில்லை.

பூசைகள் ஆங்கிலம், மாண்டரின், தமிழ், மலாய் என்று மாறி மாறி நடக்கும். ஒரு மொழிக்காரர் உள்ளே இருக்கும்போது மற்ற மூன்று மொழிக்காரர் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மாலையானதும் மெழுகுவர்த்திப் பவனி. பூமாலை, மல்லிகைச் சரம், ஊதுபத்தி வாசம். நம் ஆட்கள் வந்து சேர்ந்த இடத்தில் இவை வராமல் இருக்குமா? சிலுவைப் பாதை மலைமேல் ஏறுகிறது. வயதானவர்கள் மூச்சு வாங்கி நின்று நின்று ஏறுவார்கள். பிள்ளைகள் மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு, மேலே குரங்கு இருக்கிறது என்று வந்து சொல்லும்.

அங்கிருந்து கொஞ்சம் போனால் செரோக் தொக்குன் பொழுதுபோக்குக் காடு. ஓடை, நிழல், மலைமேல் போகிற தார் ரோடு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற அளவுக்கு உயர்ந்த ஒரு பெலாஜாவ் மரம். டவுன்காரர்கள் விடியற்காலையில் மலையேறி இறங்கிப் பசியாறப் போகிற இடம். திருவிழாவுக்கு முந்தின நாளே வந்துவிட்ட குடும்பங்கள் பிள்ளைகளை அந்த ஓடையில் விட்டுவிடுவது உண்டு. இன்னும் நேரமிருந்தால் மெங்குவாங் அணைக்கட்டு. 1985இல் கட்டி முடித்தது, பினாங்கு மாநிலத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். அதே 1985இல்தான் முதல் பினாங்குப் பாலமும் திறந்தது. அதுவரை ஃபெரி ஏறிக் கடல் கடந்து வந்த தீவுக்காரர்கள் வாசலிலிருந்து வாசலுக்குக் காரில் வரத் தொடங்கினார்கள். கூட்டமும் அதோடு நெரிசலும் கூடியது என்று சொல்லத் தேவையில்லை.

2002இல் புதுக் கோயில் திறந்தது. மினாங்கபாவ் வீடுகளின் கூரை மாதிரி இரு முனையும் மேலெழும்பி வளைந்த கூரை. பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த புனிதை, சீனரும் தமிழரும் கட்டிய கோயில், மேலே மலாய்க் கூரை. முதலில் பார்த்தபோது இது என்ன கோலம் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தக் கூரை பிடிக்கும். 2019இல் வத்திக்கான் இதற்கு பசிலிக்கா தகுதி கொடுத்தது. 2021 முதல் ஜூலை நான்காம் ஞாயிறை தாத்தா பாட்டிகளின் நாளாகக் கொண்டாடும்படி போப் பிரான்சிஸ் அறிவித்தார். அன்னம்மாள் திருநாளை ஒட்டித்தான் அந்தத் தேதி. புக்கிட் மெர்தாஜாமில் மடக்கு நாற்காலிகளோடு அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

பத்து காவானில் இப்போது கரும்பு இல்லை. தொழிற்பேட்டை, 2014இல் திறந்த இரண்டாம் பாலம், பெரிய கடைகள். கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே ஷிஃப்டு வேலை பார்க்கிறார்கள். ஜூலை பிறந்தால் வீட்டுக் குடும்ப வாட்ஸ்அப்பில் யாருக்கு எந்த ஷிஃப்டு, யார் லீவு எடுக்கிறார்கள், யார் சோறு கட்டுகிறார்கள் என்று பேச்சு ஆரம்பித்துவிடும்.

திரும்பும்போது மலையடி ரோட்டோரம் டுரியான் கடைகள். பழம் தானாக விழ வேண்டும், பறிக்கக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். இரவில் விழுந்தது விடிந்ததும் கடைக்கு வரும். பெரியவர் ஒருவர் பழத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார், காம்பை மோந்து பார்ப்பார், விலை கேட்டு அதிர்ச்சியானதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். கடைக்காரச் சீனர் தமிழிலேயே “நல்ல பழம் அண்ணே” என்பார். ஐந்து பழம் வாங்கியதும் சண்டை ஆரம்பம். ஏர்கான் போட்ட காரில் டுரியான் ஏறக் கூடாது என்பார் மருமகன். இங்கேயே வெட்டித் தின்றுவிட்டுப் போகலாம் என்பாள் மகள். அம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துப் போக வேண்டும் என்பார் பெரியவர். பின்னால் நிற்கிற கார் ஹாரன் அடிக்கும்.